தன்வினை, பிறவினை

ஜனவரி 6, திங்கள்

வலது கெண்டைக்கால் சுற்றளவு 46.8 செ.மீ. இடது 31.2. வலது பாதத்தின் அகலம் 14.5. காய்ச்சல் இல்லை. வலி பத்துக்கு நான்கு என்கிறாள்.

அறுவை சிகிச்சை டாக்டர் ஞானசேகர் தினமும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை பார்க்கும்போது நோட்டையும் கொண்டுவர வேண்டும். "நீங்க குவாலிட்டியில இருக்கறவர்தானே, உங்களுக்குச் சொல்லித் தரணுமா?" என்றார். தேவையில்லை. கணபதியில் ஒரு பம்புத் தொழிற்சாலையில் ஐந்து வருடமாக இதுதான் என் வேலை. அளப்பேன், எழுதுவேன், தேறாததை ஒதுக்குவேன்.

யாருடைய கால் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். என் தங்கை சம்யுக்தாவின் கால். வயது பதினேழு, பிளஸ் டூ. பிறந்தபோது வலது தொடையில் திராட்சை ரசம் கொட்டியது போல ஒரு சிவப்பு மச்சம் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு வயதில் வலது கால் இடது காலை முந்த ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. இப்போது இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் பச்சை நாடன் வாழைப்பழம் அளவு. செருப்பு எதுவும் நுழையாது. அம்மா பழைய ஜீன்ஸ் துணியில் உறை தைத்துத் தருகிறாள்.

அப்பா இறந்து ஆறு வருடம். எனவே கையெழுத்து எல்லாம் நான்தான்.

ஜனவரி 7, செவ்வாய்

46.9. பாதம் 14.5. டேப்பைச் சுற்றினால் கூசுகிறதாம். சீக்கிரம் முடி என்கிறாள். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆடாமல் இருந்தால் சீக்கிரம் முடியும்.

ஜனவரி 9, வியாழன்

46.9. அரை நாள் விடுப்பு. ஆஸ்பத்திரியில் மூன்றரை மணி நேரம். அதில் டாக்டர்கள் பேசியது நாற்பது நிமிடம்.

முதலில் ஞானசேகர். படங்களைப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்: "பாதத்தைக் காப்பாத்தி பிரயோஜனம் இல்ல. முழங்காலுக்குக் கீழ பதினாலு சென்டிமீட்டர் விட்டுட்டு எடுத்துடலாம். அதுல செயற்கைக் கால் நல்லா உக்காரும். நாலு மாசத்துல நடந்துடுவா."

நான் பேச வாயைத் திறப்பதற்குள் சம்மு, "இருபத்திரண்டாம் தேதி பண்ண முடியுமா சார்? மார்ச் மூணு தமிழ்ப் பரீட்சை. அதுக்குள்ள உக்கார முடியும்ல?" என்றாள்.

ஏற்கெனவே காலண்டர் பார்த்து முடிவு செய்து வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. காலை வெட்டுவது என்பது டியூஷன் மாற்றுவது மாதிரியா என்று கேட்டேன்.

"அண்ணா, இந்தக் காலை ஒரே ஒரு நாள் நீ தூக்கிட்டு நட. அப்புறம் பேசு."

டாக்டர் சிரிக்கவில்லை. 22 என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது மரபணு டாக்டர் மெஹருன்னிசா. இவர் பொறுமையாகப் பேசுகிறவர், அதாவது மெதுவாக. இது அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்தது இல்லையாம். கரு உருவான பிறகு ஏதோ ஒரு செல்லில், ஒரு மரபணுவில், ஒரே ஒரு எழுத்து தானாக மாறியிருக்கிறது. அந்தச் செல்லிலிருந்து பிறந்த செல்களுக்கு மட்டும் வளர்வதை நிறுத்தத் தெரியாது. மற்ற உடம்பு சாதாரணம். இரண்டும் கலந்து கிடக்கும்.

"இதை மொசைக்னு சொல்லுவோம்" என்றார்.

"வீட்டுத் தரை மாதிரியா டாக்டர்?"

"அதேதான்மா."

"பாத்தியா அண்ணா? வீட்டுக்கு சிமெண்ட் தரை. எனக்கு மட்டும் மொசைக்."

அம்மா இதற்கெல்லாம் சிரிக்கிற நிலையில் இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "நான் மாசமா இருக்கறப்போ திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலைங்க. ஏழு மாசம் வரைக்கும் போனனுங்க. அந்தத் தண்ணியில நின்னுதானுங்களா?"

"இல்லைங்கம்மா. நீங்க எதுவும் பண்ணலை. அது தானா மாறினது."

அம்மா இன்னும் இரண்டு முறை அதையே கேட்டாள். டாக்டரும் இரண்டு முறை அதையே சொன்னார். அடுத்த டோக்கன்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் பழைய ஃபைலைப் புரட்டினார். "ரெண்டு வருசம் முன்ன ரத்தத்துல பாத்திருக்காங்க. ஒண்ணும் இல்லைன்னு வந்திருக்கு. வராதுதான். மாறின செல்லு கால்ல இருக்கு, ரத்தத்துல இல்லையே. கால்ல சதை எடுத்துப் பாக்கணும்னு அந்த டாக்டர் எழுதியிருக்காரே, ஏன் எடுக்கலை?"

அம்மா என்னைப் பார்த்தாள். பழைய ஆஸ்பத்திரியில் ஏதோ குழப்பம் என்றேன்.

இப்போது முக்கியமான விஷயம். எந்த எழுத்து மாறியது என்று தெரிந்தால் அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது. வளர்ச்சியை அடக்கும். ஸ்கேனில் வலது இடுப்பிலும் ஒரு சிறு கட்டி தெரிகிறது. எனவே ரிப்போர்ட் எப்படியும் வேண்டும். ஆபரேஷனின்போது எட்டு, பத்து இடத்தில் சதை எடுத்துப் பரிசோதிப்போம் என்றார். இப்போதே எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"இப்ப ஒரு புள்ளியிலதான் எடுக்க முடியும். அந்தப் புள்ளியில இல்லாமப் போகலாம்."

"இருந்தா?"

"இருந்தாலும், வளர்ந்த எலும்பை மாத்திரை கரைக்காது தம்பி."

இணையத்தில் வேறு மாதிரி படித்திருக்கிறேன். ஒரு பையனுக்குப் பாதம் செருப்பு சைஸில் இரண்டு குறைந்திருக்கிறது. மாத்திரை வேலை செய்தால் எதற்கு வெட்ட வேண்டும்? எடுங்கள் என்றேன். கணுக்காலுக்கு மேல் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகு அளவு எடுத்தார்கள். ரிப்போர்ட் வர இரண்டரை, மூன்று வாரமாம்.

மூன்று வாரம் என்றால் 22 தாண்டிவிடும்.

ஜனவரி 10, வெள்ளி

46.9. பழைய ரத்தப் பரிசோதனை பற்றி அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம். கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

47.0. பொங்கல் விடுமுறை. சம்மு காலை ஸ்டூல் மேல் தூக்கிவைத்துக்கொண்டு காலையிலிருந்து ஒப்பித்துக்கொண்டிருக்கிறாள். "திருந்தினான் தன்வினை. திருத்தினான் பிறவினை. வருந்தினான் தன்வினை. வருத்தினான் பிறவினை."

இதை வைத்து எந்த மெஷின் ஓடப் போகிறது என்று கேட்டேன்.

"உன் கம்பெனியில பார்ட் உடைஞ்சா என்ன எழுதுவே? 'பார்ட் உடைந்தது'ன்னா? 'ஆபரேட்டர் உடைத்தார்'னா?"

"யார் எழுதறாங்கங்கறதைப் பொறுத்து."

"அவ்வளவுதான் இலக்கணம். போ, எனக்குக் கரும்பு நறுக்கிக் கொண்டா."

நறுக்கினேன். கணுக்களை எறிந்துவிட வேண்டும் என்று தெரியாதா என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

ஜனவரி 17, வெள்ளி

47.0. சதை எடுத்த காயம் ஆறிவிட்டது.

கம்பெனியில் சண்டை. வார்ப்படம் அனுப்புகிற சப்ளையரின் பம்பு உறைகளில் விரிசல். கூடவே அவர் அனுப்பிய டெஸ்ட் பார், அதாவது சோதனைத் துண்டு, மட்டும் எல்லாச் சோதனையிலும் பாஸ். எப்படி என்று தோண்டினால், பாரை அதே உலோகத்தில் தனியாக, சின்ன அச்சில், பக்குவமாக வார்த்திருக்கிறார்கள். உறையிலிருந்து வெட்டி எடுக்கவில்லை. போனில் கத்தினேன். "விரிசல் இருக்கற இடத்துல வெட்டிப் பாக்காம, நல்லா இருக்கற இடத்துல பாத்துட்டு சர்டிபிகேட் குடுத்தா அது பரிசோதனையாய்யா? அதுக்கு நீ சோதிக்காமலே இருந்திருக்கலாமே!"

அவர் பதில் சொல்லத் தொடங்கினார். நான் போனை வைத்துவிட்டேன். மதியம் சாப்பிடவில்லை.

ஜனவரி 20, திங்கள்

47.2. அறுவை சிகிச்சை தேதி மாறிவிட்டது. பிப்ரவரி 12.

சம்மு விரல்விட்டு எண்ணினாள். "பன்னெண்டுலருந்து மார்ச் மூணு. பத்தொம்பது நாள். தையல்கூடப் பிரிச்சிருக்க மாட்டாங்க. யாருண்ணா மாத்தினது?"

தியேட்டர் காலி இல்லை என்றேன். ஜூலையில் துணைத்தேர்வு எழுதலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது என்றேன். அழுதாள். அழுமூஞ்சி. ரிப்போர்ட் 28-ஆம் தேதிக்குள் வந்துவிடும். வந்த பிறகு எனக்கு நன்றி சொல்வாள்.

ஜனவரி 22, புதன்

47.2. இன்று என்னோடு பேசவில்லை. பள்ளிக்கும் போகவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

47.6. பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவில் தோல் வெடித்திருக்கிறது. தண்ணீர் மாதிரி கசிகிறது. வலி ஐந்து. மருந்து போட்டுக் கட்டினேன்.

ஜனவரி 26, ஞாயிறு

48.3. வலி ஆறு. டேப் பழையது, சுருங்கியிருக்கும். காந்திபுரம் போய்ப் புது டேப் வாங்கிவந்தேன்.

48.4.

ஜனவரி 27, திங்கள்

48.6. காலை பதினொன்றரைக்கு மின்னஞ்சலில் ரிப்போர்ட். தொழிற்சாலைக் கழிவறையில் நின்று திறந்தேன். நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரே வரி. மரபணு மாற்றம் கண்டறியப்படவில்லை.

மெஹருன்னிசாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அந்தப் புள்ளியில இல்லைங்கறதுதான் அர்த்தம் தம்பி. கால்ல இல்லைன்னு அர்த்தம் இல்லை. ஆபரேஷன்ல பாத்துக்கலாம்னு சொன்னேனே. இருபத்திரண்டாம் தேதியே முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன்?"

இல்லை என்றேன். கால் கசிவதைச் சொன்னேன். அவர் குரல் மாறியது. உடனே ஞானசேகரைப் பாருங்கள் என்றார்.

ஞானசேகரின் உதவியாளர் பெண்ணிடம் தேதியை முன்னால் தர முடியுமா என்று கேட்டேன். இந்த வாரம் முழுக்க நிறைந்துவிட்டதாம். பழைய தேதியைப் பற்றியும் ஏதோ சொன்னாள். அதை எழுத வேண்டியதில்லை. புதன்கிழமை மாலை புறநோயாளிப் பிரிவுக்கு வரச் சொன்னாள்.

ஜனவரி 29, புதன்

மாலை வரை காத்திருக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு அம்மாவின் போன். "சாமி, அம்மணி நடுங்கறா. ரெண்டு கம்பளி போத்தியும் நிக்கல. கட்டிலே ஆடுது. நீ ஓடியா."

பக்கத்து வீட்டு ஆம்னியைக் கேட்டு வாங்கி ஓட்டினேன். பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலை. காய்ச்சல் 104. கால் அடுப்பில் வைத்த மாதிரி. விரலிடுக்கு வழியாகக் கிருமி உள்ளே போய்விட்டதாம்.

பகல் 1.10. அவசரப் பிரிவில் நர்ஸ் ஒரு பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த இடத்தில் காலைச் சுற்றிக் கோடு போட்டார். கெண்டையின் நடு. மருந்து ஏற்றினார்கள்.

பகல் 2.30. சிவப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறது. ஒன்றரை செ.மீ. புதுக் கோடு.

மாலை 4.00. இன்னும் இரண்டரை. புதுக் கோடு. மூன்று மணி நேரத்தில் நான்கு சென்டிமீட்டர். முழங்காலுக்கு எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்றும் கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

ஞானசேகர் வந்தார். கோடுகளைப் பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டார். "நாளைக்குக் காலையில எடுத்தாகணும். இனி அது காலுக்காக இல்ல, உயிருக்காக. முழங்கால் நிக்குமா நிக்காதான்னு உள்ள போய்ப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

"முழங்கால் போனா?"

"நடக்கலாம். ஆனா அது வேற நடை. படி, பஸ்சு, எல்லாமே வேற."

உள்ளே போனேன். சம்மு கண்ணைத் திறக்காமல், "என்ன சொன்னாரு?" என்றாள்.

நாளைக் காலை என்றேன்.

"முட்டி வேணும்ணா. முட்டியை மட்டும் விட்டுடச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். யாரிடம் சொல்வது?

ஜனவரி 30, வியாழன்

காலை 7.15. சிவப்பு இன்னும் ஒரு செ.மீ. வேகம் குறைந்திருக்கிறது. மருந்து பிடிக்கிறது என்கிறார்கள்.

8.40. உள்ளே கொண்டுபோனார்கள். சம்மதத் தாளில் கையெழுத்து அம்மா போட்டாள். பேனாவை என்னிடம் நீட்டினாள், நான் வாங்கவில்லை. வேண்டாம், நீயே போடு என்றேன். தேன்மொழி என்று எழுத்துக் கூட்டி எழுதினாள்.

9.30. ஒன்றும் இல்லை.

10.45. ஒன்றும் இல்லை. அம்மா இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

11.55. ஞானசேகர். மாஸ்க்கைக் கழற்றினார். "முழங்கால் இருக்கு. பதினாலு கெடைக்கலை. எட்டுதான் கெடச்சுது. எட்டுல கால் மாட்டலாம். பிடிமானம் கொஞ்சம் கஷ்டம். பழகிடுவா."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முழங்கால் இருக்கிறதே என்று அழுதாள்.

பதினாலில் எட்டு போனால் ஆறு.

மெஹருன்னிசாவின் ஆட்கள் எடுத்த காலிலிருந்தும் இடுப்புக் கட்டியிலிருந்தும் ஒன்பது துண்டு எடுத்துத் தனித்தனிக் குப்பியில் போட்டார்கள். பெயர்ச்சீட்டில் இடத்தை எழுதினார்கள்: விரல், உள்ளங்கால், கணு, கொழுப்பு, ரத்தக் குழாய். மீதியை நீங்கள் அடக்கம் செய்கிறீர்களா, நாங்களே பார்த்துக்கொள்ளவா என்று ஒருவர் கேட்டார். அம்மா எங்களிடம் கொடுங்கள் என்றாள். ஆத்துப்பாலம் மயானத்தில் மாலை நான்கு மணிக்குப் புதைத்தோம். கனமாக இருந்தது. இவ்வளவு கனத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

காய்ச்சல் 99. சாப்பிடுகிறாள்.

ரவுண்ட்ஸில் ஞானசேகர் அவளைத் தட்டிக்கொடுத்தார். "தப்பிச்சே போ. அண்ணன் ரிப்போர்ட் வரட்டும்னு கேட்டாரேன்னு தேதியைத் தள்ளிவெச்சோம், அதுக்குள்ள இந்தக் கிருமி பூந்திடுச்சு" என்றார். குற்றம் சொல்கிற தொனி இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சம்மு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். பிறகு, "அந்த நோட்டைக் குடுத்துட்டுப் போ. டாக்டர் கேப்பாங்க" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

இன்று அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. அம்மா கேசரி கிளறிக் கொண்டுவந்தாள். நர்ஸுகளுக்கும் கொடுத்தாள். அம்மா பாத்திரம் கழுவப் போன நேரத்தில் சம்மு நோட்டை என்னிடம் நீட்டினாள்.

சிவப்பு மையால் திருத்தியிருக்கிறாள். ஜனவரி 20-ஆம் தேதிப் பக்கத்தில் 'மாறிவிட்டது' அடிக்கப்பட்டு, மேலே 'மாற்றினேன்'. ஓரத்தில்: "தன்வினை அல்ல, பிறவினை. ஒரு மதிப்பெண் குறைக்கப்படுகிறது." 'அழுமூஞ்சி'க்குக் கீழே இரண்டு கோடு. ஜனவரி 9-இல் 'ஏதோ குழப்பம்' என்பதைச் சுற்றி வட்டம். பக்கத்தில், "யார் குழப்பியது?"

"சொல்லு" என்றாள்.

சொன்னேன். சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

18-ஆம் தேதி உணவு இடைவேளையில் நான் ஞானசேகரின் அறைக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட் வரும்வரை தள்ளிவைக்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று அவர்களிடமே கேட்டேன். அந்தப் பதினெட்டாம் தேதியில் இந்த நோட்டில் பக்கமே இல்லை. எழுதவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முன்பு அந்த டாக்டர் காலில் சதை எடுக்க வேண்டும் என்றார். இவளுக்கு அரையாண்டுத் தேர்வு. எனக்கு இரண்டு மணி ஷிப்ட். உடம்பில் எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான், எதற்குக் காலைக் குத்துகிறீர்கள், ரத்தத்தில் பாருங்கள் என்று டாக்டருக்கே பாடம் நடத்தினேன். அவர் எவ்வளவோ சொன்னார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுப்புத் தாளில் நவநீதன் என்று கையெழுத்துப் போட்டேன். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் ஃபைலை மூடினேன். இரண்டு வருடம் அது பீரோவில் கிடந்தது. மாத்திரையை அப்போதே ஆரம்பித்திருக்கலாம். கால் இருந்திருக்குமா என்று தெரியாது. எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் தேதியை மாற்றினேன். அவளுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

கேசரியில் இருந்த முந்திரியை ஒவ்வொன்றாக ஓரம் ஒதுக்கினாள்.

"எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏ. அந்த வரி எங்க புக்குலயும் இருக்கு. நானும் எழுதி அஞ்சுக்கு அஞ்சு வாங்கினேன். அதுக்கு உன்னைத் திட்ட மாட்டேன்."

"தேதிக்கு?"

"தேதிக்குத் திட்டுவேன். முட்டி போயிருந்தா என்னண்ணா பண்ணியிருப்பே? எனக்கு ஜூலையில துணைத்தேர்வு மாதிரி துணை முட்டி குடுப்பாங்களா?"

அவள் ஒதுக்கிய முந்திரியைப் பொறுக்கி எடுத்தேன்.

"இனிமே டாக்டர் ரூமுக்குள்ள நீ வராதே. அம்மா வரட்டும். கையெழுத்து நான் போட்டுக்கறேன். வயசாயிருச்சு."

"அம்மாவுக்கு என்னடி தெரியும்?"

"தெரியலைன்னா கேப்பா. மூணு தடவை கேப்பா. நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

பிப்ரவரி 14, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டேன். இனிமேல் எதை அளப்பது என்று தெரியாமல் டேப்பை வைத்துக்கொண்டு நின்றேன். "குடு" என்று வாங்கி, முழங்காலுக்குக் கீழே அவளே சுற்றினாள். முப்பத்து மூன்று. எழுதிக்கொள் என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

32.4. இல்லாத பாதம் அரிக்கிறது என்கிறாள். எங்கே சொறிவது என்று அம்மா கேட்கிறாள்.

மார்ச் 3, திங்கள்

32.0. தையல் பிரித்து எட்டு நாள். பள்ளியில் தரைத்தளத்தில் தனி அறை கொடுத்தார்கள். சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம். வெளியே வந்ததும், தன்வினை பிறவினை வந்ததா என்று கேட்டேன்.

"வரலை. ஆகுபெயர் கேட்டுட்டான். சனியன்."

மார்ச் 13, வியாழன்

31.6.

இதை ஆஸ்பத்திரி வளாகத்தில், ஆம்னிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்பது துண்டுகளின் ரிப்போர்ட் இன்று. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு 10.20-க்கு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்து, "வந்துருவோம் சாமி" என்றாள். சம்மு திரும்பவில்லை.

10.50. ஒன்பதிலும் இல்லை என்று வந்தால் மாத்திரை கிடையாது. மாத்திரை இல்லையென்றால் இடுப்பில் இருப்பது வளரும். முழங்காலுக்குக் கீழே என்று காலை எடுத்த மாதிரி வெட்டி எடுக்க, இடுப்பில் ஒரு இடம் கிடையாது.

11.15. மெஹருன்னிசாவுக்குப் போன் செய்யலாம். நம்பர் இருக்கிறது. உள்ளேயும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். போனை டேஷ்போர்டுக்குள் வைத்து மூடினேன்.

11.40. அம்மா என்ன கேட்கிறாளோ.

வீட்டுக்கு வந்த பிறகு மீதி.

12.05-க்கு வந்தார்கள். இருவர் முகத்திலும் எதுவும் படிக்க முடியவில்லை. சம்முவைத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்தேன். நாற்காலியை மடித்து ஏற்றினேன். வண்டியைக் கிளப்பினேன். அவினாசி ரோட்டில் ஏறும்வரை தாங்கினேன்.

"என்ன சொன்னாங்க?"

"அம்மாகிட்ட கேளு" என்றாள் சம்மு.

"ஒம்போது எடத்துல எடுத்தாங்கல்ல சாமி, அதுல ஆறுல இருக்குதாமா. மூணுல இல்லவே இல்லையாமா. ஒரே காலுதான், விரல்ல இருக்குது, பக்கத்துலயே கணுக்கால்ல இல்ல. மொத வாட்டி நீ எடுக்கச் சொன்னது அந்த இல்லாத எடமாமா." அம்மா குற்றமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டதைச் சொன்னாள். "இடுப்புக் கட்டியிலயும் இருக்குதாமா. எந்த எழுத்துன்னு தெரிஞ்சு போச்சு. மாத்திரைக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. சர்க்கரை ஏறுமாமா, வாயில புண்ணு வருமாமா, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா ரத்தம் பாக்கோணும். கட்டி சுருங்குமான்னு கேட்டேன். தெரியாது, நிக்கும்னு நம்பறேன்னு சொன்னாங்க. நம்பறதுன்னா எவ்வளவு நம்பறீங்கன்னு கேட்டேன். பாதிக்கு மேலன்னாங்க."

நான் அறைக்குள் இருந்திருந்தால் அந்தக் கடைசிக் கேள்வி வந்திருக்காது.

லட்சுமி மில்ஸ் சிக்னலில் நின்றோம். சம்மு பின்னாலிருந்து ரிப்போர்ட்டை என் தோள் வழியாக நீட்டினாள். "இங்க பாரு, அதிகமா இருக்கற துண்டுல பதினாலு பர்சென்ட். அப்ப மீதி எண்பத்தாறு பர்சென்ட் செல்லு நல்ல செல்லு. பாஸ் மார்க் முப்பத்தஞ்சுதான்."

அந்தக் கணக்கு தப்பு. பதினாலு என்பது மரபணுப் பிரதிகளின் கணக்கு, செல்களின் கணக்கு இல்லை. ஒரு செல்லில் அந்த மரபணு இரண்டு பிரதி இருக்கும், அதில் ஒன்றுதான் மாறியிருக்கும். எனவே இரண்டால் பெருக்க வேண்டும். அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது. ஆறு வாரத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருந்தது. எண்பத்தாறு இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் தோன்றியது.

"பதினாலு இல்ல சம்மு. ரெண்டால பெருக்கணும். இருபத்தெட்டு" என்றேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"தெரியும்" என்றாள். "டாக்டர் சொல்லிட்டாங்க. நீ சொல்றியான்னு பாத்தேன்."